பாதி கிழித்த பத்துப் பவுண் தாள்: பாங்க்ஸி பிரின்டுக்குச் சான்றிதழ் எடுத்த அனுபவம்

2004இல் லண்டனில், ஒரு சோடி சப்பாத்து வாங்கும் காசுக்கு, தன் அடையாளத்தைக் காட்டாத தெரு ஓவியர் பாங்க்ஸியின் ‘லவ் ராட்’ ஸ்கிரீன் பிரின்ட் (திரை வழியே சாயம் இழுத்து அச்சிடும் படம்) ஒன்று வாங்கினேன். கையில் தூரிகையோடு நிற்கும் எலி, பக்கத்தில் சாயம் வழியும் சிவப்பு இதயம். கையொப்பத்தோடு 150, கையொப்பம் இல்லாமல் 600 அச்சிட்டார்கள். என்னிடம் இருப்பது இரண்டாவது வகை. அடியில் பென்சிலால் பிரதி எண் மட்டும்.

சென்ற வருடம்தான் பெஸ்ட் கன்ட்ரோலுக்கு விண்ணப்பித்தேன். பாங்க்ஸியின் வேலைதானா என்று அவர் சார்பில் உறுதி சொல்ல 2008இல் தொடங்கிய அலுவலகம் அது. இணையத்திலேயே படிவம். முன்பக்கம், பின்பக்கம், எண், வெளியீட்டாளரின் அழுத்து முத்திரை எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பினேன். எப்படிக் கைக்கு வந்தது என்றும் கேட்பார்கள். என் பழைய ரசீது அங்கேதான் உதவியது. பிரின்டை வெளியிட்ட பிக்சர்ஸ் ஆன் வால்ஸ் நிறுவனம் 2017 முடிவில் மூடப்பட்டுவிட்டது, இனி யாரிடம் போய்க் கேட்பது? ரசீதை எறிந்துவிடாதீர்கள்.

வந்த சான்றிதழை அன்றிரவு எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேனோ! அதில் பாதித் தாள் ஒன்றை ஸ்டேபிள் அடித்திருக்கிறார்கள். 2004இல் பாங்க்ஸி அச்சடித்த போலிப் பத்துப் பவுண் தாள் அது. மகாராணியின் இடத்தில் டயானா. பிரிட்டிஷ் மியூசியமே அதில் ஒன்றைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. தாளைக் கையால் கிழித்து, எண்ணும் கையாலேயே எழுதி, மற்றப் பாதியைத் தங்களிடம் வைத்துக்கொள்கிறார்கள். சந்தேகம் வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்த்தால் முடிந்தது. கிழிசலை எவராலும் நகலெடுக்க முடியாது. இதைவிட நம்பகமான சான்றிதழை நான் கண்டதில்லை.

ஆனால் விலையைத் தீர்மானிப்பது சான்றிதழ் மட்டும் இல்லை. பின்பக்கத்தைப் படமெடுக்கப் பிரேமைக் கழற்றினபோது நெஞ்சு பதறிவிட்டது. பிரேம் போட்ட கடைக்காரர் சாதாரண அட்டையில் செலோடேப் வைத்து ஒட்டியிருந்தார். அட்டையின் அமிலம் ஊறி, ஓரம் முழுக்கப் பழுப்பு. பிறகு ஏலக்கூடத்தில் விலை மதிக்கக் கொடுத்தேன். அந்த அம்மா எலியைப் பார்க்கவேயில்லை, நேரே பின்பக்கத்தைத்தான் திருப்பினார். “நல்லகாலம், ஓரத்தை வெட்டவில்லை” என்றார். வெட்டியிருந்தால் எந்த வைத்தியமும் இல்லை. டேப்பையும் கறையையும் கடதாசி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து எடுப்பித்தேன். சான்றிதழுக்குக் கட்டினதைவிட அதற்குத்தான் கூடச் செலவு.

சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த துண்டு வைத்திருப்பவர்கள் பெஸ்ட் கன்ட்ரோலுக்குப் போகவேண்டாம், தெரு வேலைகளுக்கு அவர்கள் சான்று தருவதில்லை. பிரின்ட் வாங்குபவர்கள் சான்றிதழ் இல்லாமல் முழு விலை கொடுக்காதீர்கள், “பிறகு எடுத்துத் தருகிறேன்” என்று எவர் சொன்னாலும்.

இப்போது அமிலமில்லாத பருத்தி அட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி கண்ணாடி. சிவப்பு வெளிறக்கூடாது என்று எலியை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலிருந்து படிக்கட்டுப் பக்கம் மாற்றிவிட்டேன். சான்றிதழ் தனிக் கோப்பில், காணி உறுதியோடு இருக்கிறது.