மணியின் ராத்திரி இருமல்

மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். முதல் ராத்திரியே மணி இருமும் சத்தத்தில் தூக்கம் கலைந்தது. பதினொரு வயது பொமரேனியன் நாய். முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி நாலைந்து முறை இருமினான். கடைசியில் கக்கப்போவது போல ஓங்கரித்தான், ஒன்றும் வரவில்லை. "சளிதான்டா, ஒரு மாசமா இப்படித்தான்" என்றார் அம்மா.

முதலில் போன கிளினிக்கில் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்காமலே இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து நாள் கொடுத்தும் பலனில்லை. அந்த ஐந்து நாளை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் எடுத்தவுடன் கேட்டது, "இருமும்போது வீடியோ எடுத்தீங்களா?" நல்லவேளை, எடுத்திருந்தேன். அதை மூன்று முறை போட்டுக் கேட்டார். வாத்து கத்துவது போலச் சத்தம் வந்தால், அதுவும் குஷியிலோ கழுத்துப்பட்டையை இழுக்கும்போதோ வந்தால், மூச்சுக்குழாய் தளர்ந்து ஒடுங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். சின்ன இன நாய்களுக்கு அது அதிகம். மற்ற நாய்களோடு பழகிய சில நாட்களில் வறட்டு இருமல் தொடங்கினால் தொற்றாக இருக்கலாம். கொசு மூலம் பரவும் இதயப்புழுவும் உண்டு என்று அதற்கு ரத்தப் பரிசோதனை செய்தார். அது இல்லை என்று வந்தது.

அப்புறம் நெஞ்சின் இடப்பக்கம் வெகுநேரம் கேட்டுவிட்டு, மர்மர், அதாவது இதயத் துடிப்போடு சேர்ந்து வரும் இரைச்சல், இருக்கிறது என்றார். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி, இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, அந்த அளவுகளை முதுகெலும்பின் மேல் வைத்து, மார்புப் பகுதியின் நாலாவது முள்ளெலும்பிலிருந்து விரலால் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். இரண்டையும் கூட்டினால் பெரும்பாலான நாய்களுக்குப் பத்தரைக்குள் வருமாம். மணிக்குப் பன்னிரண்டு. வயதில் இதய வால்வு தடித்துச் சரியாக மூடாமல் போக, ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. அதனால் இதயத்தின் இடது மேலறை வீங்கி மூச்சுக்குழாயை அழுத்துகிறது. நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்தால் படுக்கும்போது மூச்சு இன்னும் திணறும். பகலெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தவன் ராத்திரியில் ஏன் அவதிப்பட்டான் என்பது அப்போதுதான் புரிந்தது.

எக்கோவும் (இதய ஸ்கேன்) பார்த்து உறுதி செய்த பிறகு பைமோபெண்டான், ஃப்யூரோசமைடு என்று இரண்டு மாத்திரைகள் எழுதினார். முதலாவது இதயத்துக்கு வலு கொடுப்பது, இரண்டாவது நீரை வெளியேற்றும் மாத்திரை. நாய் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் குறைக்கவே கூடாது என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை. மனிதர் சாப்பிடும் இருமல், காய்ச்சல் மருந்து எதுவும் கூடாது.

எனக்கு மிகவும் உதவியது அவர் சொல்லிக் கொடுத்த ஒரு கணக்குதான். நாய் அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதைத் தாண்டினால் உடனே போன் செய்ய வேண்டும். ஈறு வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நான் திரும்பி வந்துவிட்டேன். அம்மா தினமும் மணி தூங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். மாத்திரை தொடங்கிய அன்று 38. நேற்று 24.