உப்புத் தண்ணீரா, உடைத்த டிரான்சிஸ்டரா?

பழைய எலக்ட்ரானிக்ஸ் குப்பையையும் வீட்டுச் சாமானையும் வைத்து சோலார் செல் செய்ய நாலு வழிகள் பரவலாகச் சொல்லப்படுகின்றன. செப்புத் தகட்டைச் சுட்டு உப்புத் தண்ணீரில் நிறுத்துவது, பழச் சாயத்தில் செய்வது, எல்இடிகளை வெயிலில் காட்டுவது, பவர் டிரான்சிஸ்டரின் மூடியை அறுத்துத் திறப்பது. ஜன்னலோரம் ஒரு சின்ன எல்சிடி கடிகாரத்தை பேட்டரி இல்லாமல் ஓட்டிப் பார்க்கும் ஆசையில் கிளம்பிய நான், கடைசியில் டிரான்சிஸ்டரில் போய் நின்றேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

இந்த நாலில் எதுவும் கைபேசியை சார்ஜ் செய்யாது. மின்சாரம்தான் குறி என்றால், பழுதான தோட்ட விளக்கின் தலையிலிருக்கும் குட்டி பேனலைக் கழற்றிக்கொள்ளுங்கள். நல்ல வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டர் சிலிக்கான் செல் 30 மில்லிஆம்பியர் அளவுக்குத் தரும். கீழே வரும் எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அது கழற்றி மாட்டுவது, செய்வது இல்லை.

நாலையும் ஒரே தராசில் வைக்க நான் எடுத்துக்கொண்டது ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதாவது செல்லிடம் கொஞ்சம் வேலை வாங்கும் மின்தடை. வோல்ட்டேஜை மட்டும் பார்த்தால் எல்லாமே வெற்றிதான். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். அதாவது மீட்டர் செல்லிடமிருந்து ஏறக்குறைய எதையுமே கேட்பதில்லை. ‘என் செல் ஒன்றரை வோல்ட் தருகிறது’ என்று சொல்பவரிடம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே மாட்டிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும். வேலை வாங்கும்போது வோல்ட்டேஜ் நிற்கிறதா, அதுதான் கேள்வி.

செப்புத் தகடு பார்க்க அழகான சோதனை. தகட்டை உப்புத்தாளால் தேய்த்து மின் அடுப்பின் சிவந்த சுருள்மேல் அரை மணி நேரம் விட்டால், ஆரஞ்சும் ஊதாவுமாக நிறம் ஓடி, கடைசியில் கரியாகக் கறுத்துவிடும். அடுப்பை அணைத்து, தொடாமல் மெதுவாக ஆறவிட வேண்டும். செம்பும் ஆக்ஸைடும் ஒரே அளவில் சுருங்காததால் கறுப்புப் படலம் தானாகவே பொருக்குப் பொருக்காகத் தெறித்து விழும். அடியில் தெரியும் சிவப்புப் படலம்தான் குப்ரஸ் ஆக்ஸைடு, வேலை செய்யும் குறைக்கடத்தி அதுவே. அதைத் தேய்த்துவிடக் கூடாது. அதையும் ஒரு சுத்தமான செப்புத் தகட்டையும் ஒன்றையொன்று தொடாமல் உப்புத் தண்ணீரில் நிறுத்தினால் செல் தயார். 1839-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பெக்கரெல் ஒளியிலிருந்து மின்சாரம் வருவதைக் கண்டதும் இப்படித் திரவத்துக்குள் நிறுத்திய தகடுகளில்தான்.

உள்ளங்கை அகலத் தகடு நேர் வெயிலில் தருவது ஏதோ 50 மைக்ரோஆம்பியர். 1 கிலோ ஓம் குறுக்கே அது 0.05 வோல்ட்டைத் தாண்டாது. போதாக்குறைக்கு, நிழலில் வைத்தாலும் மீட்டர் முழுதாகச் சுழியத்துக்கு வராது. உப்புத் தண்ணீரில் இரண்டு வேறுவேறு பரப்புகள் இருந்தாலே அது கொஞ்சம் பேட்டரி. இரண்டாவது தகட்டுக்கு அலுமினியம் போட்டவர்கள் ‘அபார மின்சாரம்’ என்று மகிழ்வது பெரும்பாலும் இதனால்தான். அலுமினியம் கரைகிறது, வெயிலுக்கு அதில் பங்கு குறைவு. கையால் மறைத்துப் பார்த்து, குறைகிற அளவை மட்டும்தான் சூரியன் கணக்கில் எழுத வேண்டும். தண்ணீர் வற்றும், உப்பு விளிம்பில் பூக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட அருமை, கடிகாரத்துக்கு ஆகாது.

சாயச் செல்லின் கதை வேறு. ஓரீகன், கிரெட்செல் என்ற விஞ்ஞானிகள் 1991-ல் டைட்டானியம் டைஆக்ஸைடு நுண்துகள் படலத்தில் சாயமேற்றி 7 சதவீதத் திறனைக் காட்டியதன் வீட்டுப் பதிப்பு இது. மாதுளைச் சாறு, செம்பருத்தி இதழ், அயோடின் கரைசல், பென்சில் கரி என்று பட்டியல் சுலபமாகத் தோன்றும். சிக்கல் கண்ணாடியில். எல்சிடி திரையிலிருந்து பிரித்த கண்ணாடியில் மின்கடத்தும் இண்டியம் பூச்சு இருக்கிறது, உண்மைதான். ஆனால் டைட்டானியம் பசையை 450 டிகிரி செல்சியஸில் சுட்டு இறுக்கும்போது அந்தப் பூச்சின் கடத்துதிறன் கெட்டுவிடுகிறது. ஃபுளோரின் கலந்த டின் ஆக்ஸைடு பூச்சுதான் அந்தச் சூட்டைத் தாங்கும், அது பழைய சாமானில் சுலபமாகக் கிடைக்காது. எல்லாம் சரியாக அமைந்தால் முதல் நாள் ரெசிஸ்டர் சோதனையில் தேறும். அப்புறம் கரைசல் ஆவியாகத் தொடங்கும். இதில் என் அனுபவம் குறைவு. நன்றாக அடைத்து நாள் கணக்கில் ஓட்டியவர்கள் மறுக்கலாம்.

எல்இடி சோம்பேறிகளின் வழி, செய்ய ஒன்றுமே இல்லை. சிவப்பு எல்இடியை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் ஒன்றரை வோல்ட் பக்கம் காட்டும். ஆனால் உள்ளே இருக்கும் சிப்பின் பக்கம் கால் மில்லிமீட்டர் சுமார். மின்னோட்டம் சில பத்து மைக்ரோஆம்பியர், அதுவும் லென்ஸ் சூரியனை நேராகப் பார்க்கும்வரை. ரெசிஸ்டரை மாட்டினால் ஒன்றரை வோல்ட் நூறில் சில பங்காகச் சரிந்துவிடும். ஒளி உணரியாகப் பயன்படுத்த நல்ல சாமான்.

இனி நம்ம கட்சி. பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்டெபிலைசர், கனமான பவர் சப்ளை எதைத் திறந்தாலும் ஹீட் சிங்க்கில், அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டில், நீள்வட்டத் தட்டும் வட்டத் தொப்பியுமாக உட்கார்ந்திருக்குமே, 2என்3055 வகை, அதுதான். தட்டை வைஸில் பிடித்து, தொப்பியின் விளிம்பை அரத்தால் சுற்றிவரத் தேய்த்து, தகடு காகிதமாக மெலிந்ததும் நெம்பி எடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் தொப்பி கீழே பார்க்கும்படி திருப்பிப் பிடித்தால் இரும்புத் தூள் உள்ளே விழாது. திறந்தால் நடுவில் சில மில்லிமீட்டர் அகலத்தில் சாம்பல் நிறச் சதுரம், இரண்டு கால்களிலிருந்து அதன்மேல் இறங்கும் மெல்லிய கம்பிகள், மேலே சீப்புப் பல் போன்ற உலோகக் கோடுகள். சிலவற்றில் சிப்பின்மேல் வெள்ளைக் களிம்பு அப்பியிருக்கும். அதைப் பஞ்சால் ஒற்றி எடுக்கலாம், சுரண்டக் கூடாது. கம்பி அறுந்தால் முடிந்தது.

டிரான்சிஸ்டருக்கு மூன்று முனைகள்: பேஸ், எமிட்டர் இரண்டும் கால்கள், கலெக்டர் உலோக உடம்பு. பேஸ் கால் பாசிட்டிவ், உடம்பு நெகட்டிவ். எமிட்டரையும் உடம்போடு சேர்த்துக் கட்டினால் மேல் சந்தியும் (இருவகைச் சிலிக்கான் சேரும் எல்லை) கூட உழைக்கும். வெயிலில் அரை வோல்ட்டும் சில மில்லிஆம்பியரும் வரும். 1 கிலோ ஓம் மாட்டினாலும் வோல்ட்டேஜ் அதிகம் அசையாது, ஏனென்றால் அந்த ரெசிஸ்டர் கேட்பதே அரை மில்லிஆம்பியர்தான். மற்ற மூன்றையும் விட்டு இதைப் பிடித்தது இந்த ஒரே காரணத்துக்காக. இதில் அதிசயமும் இல்லை. 1954-ல் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் 6 சதவீத சிலிக்கான் செல்லைச் செய்தபோது பயன்பட்டதும் இதே பி-என் சந்திதான். டிரான்சிஸ்டருக்குள் அது ஏற்கெனவே தயாராக இருக்கிறது, வெளிச்சம் படாமல் மூடி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

குறையும் உண்டு. வெயிலில் மூன்றைத் தொடராக இணைத்தால் கடிகாரத்துக்கு வேண்டிய ஒன்றரை வோல்ட் வந்துவிடும். அறை வெளிச்சத்தில் வராது. வெளிச்சம் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போகும்போது பெரிய சிப்பின் கசிவு வோல்ட்டேஜை இழுத்துவிடுகிறது. நான் ஐந்தைத் தொடராக்கி, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு பெரிய கெபாசிட்டரையும் குறுக்கே போட்டிருக்கிறேன். எல்சிடி கடிகாரத்துக்குச் சில மைக்ரோஆம்பியர் போதும் என்பதால் பகலில் ஓடுகிறது. இருட்டிய பின் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது கெபாசிட்டரின் கசிவைப் பொறுத்தது. ஐந்து சேரும்போது முழு வெயிலில் இரண்டரை வோல்ட் வரை ஏறும் என்பதால், கடிகாரத்தைக் காக்க ஒரு சிவப்பு எல்இடியைச் சரியான திசையில் குறுக்கே போட்டுவிடுங்கள். இரண்டு வோல்ட்டைத் தொடும் முன்பே மிச்சத்தை அது குடித்துவிடும். எல்இடிக்கு இந்தக் கதையில் கிடைத்த உருப்படியான வேலை இதுதான்.

ரேடியோ அலைபரப்பிகளில் வரும் உயர் அதிர்வெண் பவர் டிரான்சிஸ்டர்களை மட்டும் அறுக்கவே கூடாது. அவற்றின் வெள்ளைப் பீங்கான் பெரிலியம் ஆக்ஸைடாக இருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம்.

திறந்த வாயில் ஒரு கண்ணாடித் துண்டை எப்பாக்ஸியால் ஒட்டினால் தூசி படியாது. எப்பாக்ஸியைச் சிப்பின்மேலேயே ஊற்றுபவர்களும் உண்டு. வெயிலில் அது மஞ்சளாகும், இறுகும்போது கம்பியையும் இழுக்கலாம் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. இந்த ஒட்டு மழை ஈரத்தை எத்தனை வருஷம் தடுக்கும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. என்னுடையது ஜன்னலுக்கு உள்பக்கம் இருக்கிறது. வெளியே வைப்பவர்கள் ஓரத்தில் சிலிக்கோன் பூச்சும் போட்டுக்கொள்வது நல்லது.