கொசுவர்த்தி வீட்டுக்கு ஒரு மீட்டர், அரிசி ஆலைக்கு வேறொன்று

உள்ளறைக் காற்றை அளக்கும் மீட்டர் வாங்கப் போகிறவர்கள் விலையைப் பிறகு பார்க்கலாம். அந்த இடத்தில் என்ன எரிகிறது, என்ன பறக்கிறது, எத்தனை பேர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. கும்பகோணத்து வீட்டுக்கு ஏற்றது மன்னார்குடி அரிசி ஆலைக்கு உதவாது.

டெல்டாவின் பெரும்பாலான வீடுகளுக்கு என் பரிந்துரை, பி.எம். 2.5 எனும் நுண்துகளை (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான அளவுள்ளது) காட்டும் லேசர் மீட்டர். வாய்க்கால் ஓரத்து வீடுகளில் கொசுவர்த்தி இல்லாத இரவு அரிது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, மிளகாய்த் தாளிப்பு, விறகடுப்பு எல்லாம் இந்த மீட்டரில் உடனே தெரிந்துவிடும். 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இந்தியத் தரம் அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வரம்பு 15.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் எச்சரிக்கை தேவை. துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருத்துவிடுவதால் லேசர் ஒளி அதிகமாகச் சிதறி, எண் ஏறித் தெரியும். அந்த மாதங்களில் எண்ணை அப்படியே நம்பாமல், சுருள் கொளுத்தும் முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

ஏ.சி. படுக்கையறைக்கும் டியூஷன் சென்டருக்கும், நாம் விடும் மூச்சில் சேரும் கரியமில வாயுவை அளக்கும் மீட்டர் வேண்டும். வெளிக்காற்றில் அது சுமார் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு); அறையில் 1000ஐத் தாண்டினால் ஜன்னலைத் திறக்க வேண்டும். அகச்சிவப்புக் கதிரால் அளப்பதை மட்டுமே வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் காட்டும் மலிவுக் கருவிகள் பலவும் வேறு ஆவிகளை மோந்து, கரியமில வாயுவை ஊகித்துச் சொல்பவை. பக்கத்தில் கொஞ்சம் சானிடைசரை ஊற்றிப் பாருங்கள்: ஊகிக்கும் கருவி ஆயிரக்கணக்கில் எகிறும், அகச்சிவப்புக் கருவி அசையாது.

அரிசி ஆலையில் இவை இரண்டும் வீண். உமித் தூசியிலும் தவிட்டிலும் பெரிய துகள்களே அதிகம். மலிவு லேசர் மீட்டர் அவற்றைச் சரியாகப் பார்ப்பதில்லை. அது காட்டும் பி.எம். 10 (10 மைக்ரான் வரையிலான துகள்) பெரும்பாலும் கணக்குப் போட்டு எடுத்த எண். தூசி அடைத்து உள்விசிறியும் சீக்கிரம் நின்றுபோகும். இங்கே தேவைப்படுவது வடிதாள் முறை. இடுப்பில் சிறு பம்ப், சட்டைக் காலர் அருகே வடிதாள். ஷிஃப்ட் முழுவதும் ஓடவிட்டு, முன்னும் பின்னும் ஆய்வகத்தில் எடை பார்க்க வேண்டும். செலவும் அலைச்சலும் உண்டு. ஆனால் தவிட்டு மூட்டை பிடிப்பவர் எவ்வளவு தூசியைச் சுவாசிக்கிறார் என்பதை இது சொல்லும். முதலாளி அறைச் சுவரில் மாட்டிய மீட்டர் சொல்லாது. பாய்லரில் உமிச் சாம்பல் அள்ளுபவருக்கு இதை முதலில் மாட்டுங்கள். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா; அது நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது.

சுவாமிமலைப் பக்கத்துக் கரி உலைப் பட்டறைகளுக்கும், மின்தடையில் ஜெனரேட்டர் ஓடும் கடைகளுக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். மணமே இல்லாத வாயு அது. மற்ற மீட்டர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. உள்ளிருக்கும் சென்சாருக்கு ஆயுள் சில ஆண்டுகளே என்பதால், பெட்டியில் அச்சிட்ட தேதியைப் பார்த்து வாங்குங்கள்.