செயின் சத்தம்: ஐந்து வருடம், 41,000 கிலோமீட்டர்

என் 150 சிசி பைக்குக்கு ஐந்து வயது. முதல் செயின் செட் (செயினும், அது மாட்டியிருக்கும் இரண்டு ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரங்களும்) 17,000 கிலோமீட்டரிலேயே போய்விட்டது. இரண்டாவது செட் 24,000 ஓடி இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. ரோடு மாறவில்லை, தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பக்கம் தினமும் போய்வருவதுதான். முள்ளக்காடு பக்கம் உப்பளக் காற்று. அங்கே செயின் துருப்பிடிக்க மழைகூடத் தேவையில்லை.

முதல் செட்டைக் கெடுத்ததில் உப்புக்காற்றுக்குப் பாதிப் பங்கு, எனக்குப் பாதி. ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு பின்பக்கமிருந்து எலிக்குஞ்சு மாதிரி கிரீச் கிரீச் என்று சத்தம். செயின் காய்ந்து கிடந்தது, அவ்வளவுதான். அது தெரியாமல், "அண்ணாச்சி, செயின் சத்தம் போடுது, கொஞ்சம் டைட் வச்சி விடுங்க" என்று ஒர்க்‌ஷாப்பில் நானே கேட்டு வாங்கினேன். கிரீச் போய், வேகம் ஏற ஏற ஒரு முனகல் வந்தது. பின்னால் மனைவி உட்கார்ந்தால் இன்னும் கூடுதல்.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஆள் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் தானாகவே இறுகும். அதற்கு இடம் விடாமல் முறுக்கினால் செயின், ஸ்ப்ராக்கெட், கியர்பாக்ஸ் பேரிங் எல்லாம் சேர்ந்து அடி வாங்கும். லூஸாக இருந்தால் சத்தம் வேறு: பள்ளத்தில் விழும்போதும், ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் கவரில் டக டகவென்று அடிக்கும். ஒரே இடைவெளியில் டிக் டிக் என்று வந்தால் ஏதோ ஒரு லிங்க் மடங்காமல் இறுகியிருக்கிறது.

இப்போது 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் மறுநாளே, சென்டர் ஸ்டாண்ட் போட்டு உட்கார்ந்துவிடுவேன். மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் போதும். பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங் செயினில் (லிங்க்குகளுக்கு நடுவே ரப்பர் வளையம் உள்ள செயின்) ரப்பர் கெட்டுவிடும். துடைத்துக் காயவிட்டு, 90 நம்பர் கியர் ஆயிலைக் கீழ்ச் செயினின் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுவேன். சுழலும்போது ஆயில் வெளிப்பக்கம் போகும், அதனால்தான் உள்ளே விடுவது. அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மணல் அப்பிக்கொள்ளும். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுத் துணி பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் போய்விடும் சாமி!

டைட் வைப்பதில் ஒரு விஷயம். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீளாது. சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் அசைத்துப் பார்த்து, எங்கே அதிக இறுக்கமோ அங்கே வைத்துத்தான் அளக்க வேண்டும். மனைவியின் நெயில் பாலிஷை அந்த லிங்க்கில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். என் வண்டிக்கு மேனுவலில் போட்டிருப்பது 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம், அதாவது கீழ்ச் செயின் நடுவில் மேலும் கீழும் அசையும் அளவு. உங்கள் வண்டிக்கு உங்கள் மேனுவலைப் பாருங்கள். ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) இரு பக்கக் கோடும் ஒரே எண்ணிக்கையில் நிற்கட்டும். சக்கரம் பின்னே நகர்வதால் டிரம் பிரேக் இறுகியிருக்கும், அதையும் சரிபார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

போன வாரம் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில் செயினைப் பிடித்து இழுத்தேன். பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் லேசாக வெளிச்சம் தெரிகிறது. பாதிப் பல் தெரிந்தால் மாற்றிவிடுவேன். செயின் மட்டும் இல்லை, இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து.