16 கிலோ குண்டும் அதன் கைப்பிடியும்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னிடம் இருக்கும் அதே கெட்டில்பெல், அதாவது மேலே கைப்பிடி வைத்த உடற்பயிற்சி இரும்புக் குண்டு, இப்போது விலை குறைந்து கிடைக்கிறதாம். எங்கள் செம்பனை ஆலையில் வேலை செய்யும், செமோர் ஊர்த் தம்பி ஒருவர் படத்தை அனுப்பி, "அண்ணே, வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். ஆம், இல்லை என்று ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை. என் வலது உள்ளங்கையில், மோதிர விரலுக்குக் கீழே, போன வாரம் கிழிந்த தோல் இன்னும் ஆறவில்லை. அதே சமயம், கடந்த பத்தாண்டுகளில் என் உடம்புக்கு இவ்வளவு நன்மை செய்த பொருள் வேறு எதுவும் இல்லை. இரண்டையும் சொல்லாமல் விட்டால் அந்தத் தம்பிக்கு நான் நேர்மையாக இருந்ததாகாது.

முதலில் கைப்பிடி. மற்ற எதையும்விட அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

கைப்பிடியின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் நூல் பருமனுக்கு ஒரு மேடு நீளமாக ஓடுவது தெரியும். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் உருகிய இரும்பு கசிந்து உறைந்த கோடு அது. வார்ப்பு வேலையில் அப்படி ஒரு கோடு விழுவது இயல்பு. ஒழுங்கான பட்டறை அதை மட்டமாகத் தேய்த்த பிறகுதான் பூச்சுப் பூசும். இந்தக் குண்டில் தேய்க்காமலேயே கறுப்புப் பவுடர் பூச்சை ஏற்றிவிட்டார்கள். கண்ணுக்குப் பளபளப்பாக இருக்கும். கைக்குத்தான் உண்மை தெரியும்.

சும்மா தூக்கி வைக்கும்போது அந்தக் கோடு ஒன்றும் செய்யாது. ஊஞ்சலாக வீசும்போதுதான் அதன் வேலை ஆரம்பிக்கும். குண்டு காலிடுக்கில் பின்னால் போகும்போதும் நெஞ்சு உயரத்துக்கு வரும்போதும் கைப்பிடி விரல்களுக்குள் சற்றே உருளும். விரல் தொடங்கும் இடத்தில் இருக்கும் தோல் மடிப்பு அந்த மேட்டில் மாட்டிக்கொள்ளும். தொடக்கத்தில் சிவக்கும், பிறகு காய்ப்புக் காய்க்கும், கடைசியில் அந்தக் காய்ப்பே வேரோடு பெயர்ந்து வரும். கையில் புண்ணோடு ரசம் சோறு பிசைந்து சாப்பிட்டவருக்குத்தான் அந்த எரிச்சல் புரியும்.

வாங்கிய புதிதிலேயே விற்றவரிடம் முறையிட்டேன். மரியாதையாகப் பேசினார், மாற்றித் தரவும் ஒப்புக்கொண்டார். ஆனால் 16 கிலோ இரும்பைத் திருப்பி அனுப்பும் கூலி, பொருளின் விலையில் பாதியைத் தின்றுவிடும். மாற்றி வருவதும் அதே அச்சில் வார்த்ததாகத்தானே இருக்கும்? விட்டுவிட்டேன். விற்றவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு நிமிடம் அரம் பிடிக்கச் சோம்பல்பட்ட பட்டறையின் மேல்தான் கோபம்.

ஊரில் ஒரு வெல்டிங் கடையில் கொடுத்து அந்த மேட்டைத் தேய்த்து எடுத்தேன். அரைவட்ட அரம், பிறகு உப்புத்தாள். வேலை சுத்தமாக இருந்தது, கை வலி உடனே குறைந்தது. ஆனால் அரம் பட்ட இடத்தில் பூச்சு போய்விட்டது, அந்த வழியாகத் துரு ஏறியது. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் காற்றே ஈரம். அதிலும் ஏப்ரல் மாதத்திலும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலானால் மழை அடித்துக்கொண்டு வரும். இரவு துடைத்து வைத்த இரும்பு காலையில் செம்மண் நிறத்தில் கையில் ஒட்டும். கடைக்காரர் எனாமல் பெயிண்ட் அடித்துத் தந்தார். துரு நின்றது, ஆனால் பிடி போனது. வியர்த்த கையில் அந்த வழவழப்பான கைப்பிடி நிற்கவே மறுத்தது. 16 கிலோ கையை விட்டு நழுவினால் எதிரே நிற்கும் காரின் கண்ணாடி என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே எந்த உடற்பயிற்சியும் செய்ய முடியாது. மறுபடியும் சுரண்டி எடுத்து, இப்போது கைப்பிடி முழுவதும் வெற்று இரும்பாகவே இருக்கிறது. பிடிக்கு இதுதான் ஆகச் சிறந்தது. பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியை ஒரு முறை ஓட்டிவிட்டு, மறுநாள் தொடங்கும் முன் அந்த எண்ணெயையும் துடைக்க வேண்டும். ஒரு நாள் மறந்தால் துரு.

கையுறை போடலாமே என்று பலர் சொல்வார்கள். போட்டுப் பார்த்தாயிற்று. துணியும் தோலும் சேர்ந்து இரண்டு மடிப்பாகி இன்னும் மோசமாகக் கிள்ளும். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் பூசிக்கொள்ளும் மெக்னீசியம் கார்பனேட் தூள் உண்மையிலேயே உதவுகிறது, ஆனால் துளி போதும். நம் காற்றில் அள்ளிப் பூசினால் களிம்பாகிவிடும். அதைவிட முக்கியமானது பிடிக்கும் விதம். உள்ளங்கையின் நடுவில் வைத்து இறுக்காமல், விரல்களைக் கொக்கியாக வளைத்து அதில் தொங்கவிட வேண்டும். குளித்தவுடன் காய்ப்பு ஊறியிருக்கும்போது கால் தேய்க்கும் கல்லால் அதை மட்டமாக்கிவிட வேண்டும். இவ்வளவு கவனித்தும் போன வாரம் கிழிந்தது. வார்ப்புக் கோடு கைப்பிடி வளைந்து உருண்டையோடு சேரும் முனைகளிலும் இருக்கிறது. அந்த மூலைக்குள் அரம் நுழையவில்லை.

கோபம் இருக்கட்டும், நியாயத்தையும் சொல்ல வேண்டும். எடையில் பொய் இல்லை. நான் ஆலையில் எடைமேடை எழுத்தர். செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரிகளை நிறுத்துக் கணக்கெழுதுவதுதான் என் வேலை. லாரி நிறுக்கும் மேடையில் இதை வைத்தால் முள் அசையாது என்பதால், உதிரிப் பழ மூட்டை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். 16 என்று காட்டியது. தொடக்கத்தில் இந்தப் பொருளே ரஷ்யாவில் சந்தையில் தானியம் நிறுக்க வைத்திருந்த எடைக்கல்தான். ஒரு பூட் என்பது அவர்களுடைய பழைய அளவு, நம் கணக்கில் 16.38 கிலோ. அதனால்தான் இன்றும் 8, 16, 24, 32 என்று படிப்படியாக வருகிறது. எடை போடுகிறவன் கையில் எடைக்கல் வந்து சேர்ந்ததில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விடியற்காலையில், வேலைக்குப் புறப்படும் முன், வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு ரப்பர் பாய். இரண்டு கையாலும் வீச்சு, பத்து பத்தாக, நடுவில் மூச்சு சீராகும்வரை நடை. பிறகு மல்லாந்து படுத்து, ஒரு கையில் குண்டை வானத்தைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்து, அதை இறக்காமலே எழுந்து நின்று, வந்த வழியே மறுபடியும் படுப்பது. இரண்டாவது பயிற்சியில் குண்டை நிமிர்த்திக்கொண்டு எழும்போது அவசரப்பட முடியாது. முழங்கை, உள்ளங்கை, இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வொன்றாக ஊன்றித்தான் எழ வேண்டும். வீச்சு கையால் தூக்குவது அல்ல. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி மடக்கி, சட்டென்று நிமிர்வது. கை வெறும் கயிறு. தோளில் வலி வருகிறது என்றால் கையால் தூக்குகிறீர்கள் என்று அர்த்தம். வாரத்தில் சில நாள் குண்டைத் தொடாமல் தண்டாலும் பஸ்கியும் போடுவேன். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

குறைவாக வைத்துக்கொள்வதில்தான் இதன் பலமே இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். மாதக் கட்டணம் கட்டி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போன காலத்தில் காரை எடுப்பது, இடம் தேடுவது, இயந்திரத்துக்குக் காத்திருப்பது என்று பாதி உற்சாகம் அங்கேயே செலவாகிவிடும். இங்கே கதவைத் திறந்தால் குண்டு இருக்கிறது. எதைச் செய்வது என்று யோசிக்கவும் தேவையில்லை.

என் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. இருட்டோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, தோளில் வைக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுக் களம் வரை தூக்கிவந்தவர். அவருக்கு உடற்பயிற்சி என்று ஒன்று தேவைப்படவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடு போய்த் தாமான் குடியிருப்பு வந்தது, நாங்கள் நாற்காலிக்கு வந்தோம். ஆனால் சோற்றின் அளவும் தேநீரில் விடும் இனிப்புப் பாலும் அப்பா காலத்து அளவிலேயே நின்றுவிட்டன. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், கொடுத்துச் சீட்டு வாங்கி அரசாங்க கிளினிக்கில் காத்திருக்கும் வரிசையைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்த வரிசையில் இருப்பவர்களில் பாதிப் பேரை எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

என் சர்க்கரை எல்லையில் நின்றுகொண்டிருந்தது. இப்போது கீழே இறங்கியிருக்கிறது. குண்டு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், இரவுச் சோற்றையும் குறைத்திருக்கிறேன். ஆனால் தொடையும் பிட்டமும்தான் உடம்பின் பெரிய தசைகள். அவை வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தாமாகவே இழுத்துக்கொள்கின்றன. இந்த வீச்சு வேலை வாங்குவது அவற்றிடம்தான். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. இந்த ஒரு குண்டும் மாலை நடையும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடலாம்.

நான் எதிர்பாராத சந்தோஷம் ஒன்று துக்க வீட்டில் கிடைத்தது. எங்கள் பழைய தோட்டத்துப் பெரியவர் ஒருவர் காலமாகி, இரவு முழுவதும் பாயில் உட்கார்ந்திருந்தோம். பாடை தூக்கும் நேரம் வந்ததும், எழுந்திருக்க என் வயதுக்காரர்கள் தூணைத் தேடினார்கள், நாற்காலிக் காலைப் பிடித்தார்கள், ஒருவர் மகனைக் கூப்பிட்டார். நான் எதையும் தொடாமல் எழுந்து, நேராகப் போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தேன். அந்தப் பெரியவர் என்னைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போனவர். அவரைத் தடுமாறாமல் சுமக்க முடிந்ததே என்ற நிறைவுக்கு விலையே கிடையாது.

இவ்வளவும் சொன்ன பிறகு தம்பிக்கு என் பதில்: வாங்காதே. பயிற்சிக்குப் பத்துக்குப் பத்து. இந்தக் குண்டுக்கு, இன்று என் கை இருக்கும் நிலையில், பத்துக்கு நான்குதான் தருவேன். தோல் ஆறிய பிறகு கேட்டால் ஏழு என்று சொல்லக்கூடும், ஆனாலும் வாங்கு என்று சொல்ல மாட்டேன். விலை குறைந்தது பெரிதல்ல. தேய்ப்புக் கூலி, பெயிண்ட், சுரண்டிய கூலி எல்லாவற்றையும் கூட்டினால் நான் கொடுத்தது நல்ல குண்டின் விலைக்கு அருகில் போய்விட்டது.

போட்டிகளுக்கென்று எஃகில் செய்யும் குண்டுகள் இருக்கின்றன. எந்த எடையானாலும் உருவம் ஒரே அளவு, எடைக்கு ஏற்ப நிறம் மாறும். 16 கிலோ மஞ்சள். கைப்பிடி பூச்சில்லாத எஃகு, தேய்த்து மெருகேற்றியது, 33 அல்லது 35 மில்லிமீட்டர் பருமன். விலை கூடுதல்தான். உடனே பணம் இல்லையென்றால் அதுவரை தண்டாலும் பஸ்கியும் போடு. அதற்குத் தரை இருந்தால் போதும். பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்ட் அடைத்து விற்பவற்றின் பக்கமே போகாதே. விழுந்தால் வெடிக்கும், கைப்பிடியும் தடிமனாக இருக்கும்.

படத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். ஈப்போவுக்கு நேரில் போ. கைப்பிடியின் அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, அந்த இரண்டு மூலைகளையும் சேர்த்து, விரலை அழுத்தி ஓட்டிப் பார். எங்காவது நகம் தடுத்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடு. சனிக்கிழமை போவதாக இருந்தால் சொல், நானும் வருகிறேன்.