பிள்ளையின் திறன்பேசிக்கு எந்தக் கண்காணிப்பு? பராமரிப்பை அளவுகோலாகக் கொண்டு ஓர் ஒப்பீடு

எங்கள் மகன் தொடக்கநிலை ஆறாம் வகுப்புக்குப் போனபோது அவனுக்கு ஓர் ஆண்ட்ராய்டு திறன்பேசி வாங்கிக் கொடுத்தோம். அவன் இணையத்தில் எதைப் பார்க்கிறான் என்பதைக் கவனித்துக்கொள்ள மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. வீட்டு வைஃபையிலேயே வடிகட்டி வைப்பது ஒன்று. கூகலின் ஃபேமிலி லிங்க், ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் போன்று நிறுவனங்களே தரும் பெற்றோர் கட்டுப்பாட்டைப் பயன்படுத்துவது மற்றொன்று. பிள்ளைக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் பதிவுசெய்து நமக்கு அனுப்பும் வெளிச் செயலியை நிறுவுவது மூன்றாவது. நாங்கள் ஃபேமிலி லிங்கைத் தேர்ந்தெடுத்தோம், இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன். எது அதிகமாகத் தடுக்கிறது என்பதைவிட, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் எதைச் சலிக்காமல் பராமரிக்க முடியும் என்பதையே நான் பெரிதாகப் பார்த்தேன்.

வைஃபை வடிகட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரௌட்டரில் டிஎன்எஸ் முகவரியை, அதாவது தளங்களின் பெயரைக் கொண்டு அவற்றைத் தேடித்தரும் சேவையின் முகவரியை, கிளவுட்ஃபிளேர் நிறுவனம் இலவசமாகத் தரும் 1.1.1.3 என்று மாற்றிவிட்டால், ஆபாசத் தளங்களும் தீநிரல் பரப்பும் தளங்களும் வீட்டு வைஃபையில் அடைபடும், அதன்பின் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. சிங்கப்பூரின் இணையச் சேவை நிறுவனங்களும் இத்தகைய வடிகட்டியைப் பெற்றோருக்கு வழங்கியாக வேண்டும் என்பது தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதி. ஆனால் வாசலைத் தாண்டியதும் அது பயன்படாது. பேருந்தில் கைப்பேசியின் சொந்த டேட்டா இருக்கிறது, நூலகத்திலும் கடைத்தொகுதியிலும் வயர்லெஸ்@எஸ்ஜி என்ற இலவசப் பொது வைஃபை இருக்கிறது. பள்ளி, துணைப்பாட வகுப்பு, இணைப்பாட நடவடிக்கை என்று அலையும் பிள்ளை மாலை ஆறு மணிக்கு முன் வீட்டு வைஃபையைத் தொடுவதே அரிது. துணைப் பாதுகாப்பாக மட்டும் இதை வைத்திருக்கிறோம்.

இரகசியமாக வேவு பார்க்கும் செயலியை நான் தொடக்கத்திலேயே ஒதுக்கினேன். பிள்ளையின் தேடல்கள், செய்திகள், படங்கள் யாவும் நமக்கு அறிமுகமே இல்லாத ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்ச் சேர்கின்றன. 2024 ஆகஸ்டில் நடந்ததைப் பெற்றோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கல்வி அமைச்சு மாணவர்களின் கற்றல் சாதனங்களில் நிறுவியிருந்த மொபைல் கார்டியன் என்ற நிர்வாகச் செயலியின் தளத்தில் ஊடுருவல் நிகழ்ந்து, 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. அமைச்சு பின்னர் அச்செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கியது. அனைவருக்கும் தெரிந்து, அமைச்சின் மேற்பார்வையில் இயங்கிய செயலிக்கே அந்த நிலை என்றால், பெயர் தெரியாத நிறுவனத்தின் கையில் பிள்ளையின் கைப்பேசியை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. அது அனுப்பும் பதிவுகளை நாள்தோறும் யார் உட்கார்ந்து படிப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. படித்து ஏதேனும் கண்டுபிடித்தாலும், ஒளிந்து பார்த்ததை ஒப்புக்கொள்ளாமல் அதைப் பற்றிப் பிள்ளையிடம் பேச முடியாது.

ஃபேமிலி லிங்கில் குரோம் உலாவிக்கு மூன்று நிலைகள் உள்ளன: எல்லாத் தளங்களையும் அனுமதிப்பது, ஆபாசத் தளங்களைத் தடுக்க முயல்வது, நாம் ஒப்புதல் தந்தவற்றை மட்டும் திறக்கவிடுவது. கடைசி நிலைதான் மிகவும் பாதுகாப்பானது என்று தோன்றும். அதன் சுமை அன்றாட வீட்டுப்பாடத்தில் தெரியவரும். கல்வி அமைச்சின் இணையப் பாடத் தளமான மாணவர் கற்றல் தளத்தின் முகவரிக்கு ஒப்புதல் தந்திருப்போம். ஆனால் பிள்ளை உள்நுழைய, அமைச்சின் மாணவர் கணக்கான மிம்ஸ் பொத்தானை அழுத்தியதும் பக்கம் வேறொரு முகவரிக்குத் தாவும். அது பட்டியலில் இல்லாவிட்டால் தடைப் பக்கம்தான் வரும். அங்கிருந்து அவன் அனுமதி கேட்டால், பிற்பகல் மூன்று மணிக்கு நான் அலுவலகக் கூட்டத்தில் இருக்கும்போது என் கைப்பேசி அதிரும். நான் பார்க்கும்வரை அவன் வீட்டுப்பாடம் நிற்கும். ஒரு தளத்தின் டாட் காம் முகவரிக்கு ஒப்புதல் தந்தால் அதன் டாட் காம் டாட் எஸ்ஜி முகவரி தானாகத் திறந்துவிடாது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த நிலை பொருந்தலாம். நாளொரு தளம் தேவைப்படும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஒத்துவராது, ஒப்புதல் தந்து ஓய்ந்துபோகும் பெற்றோர் ஒருநாள் எல்லாவற்றையும் திறந்துவிடும் அபாயமும் அதில் இருக்கிறது.

எனவே நடு நிலையை வைத்தோம். கோரிக்கைகள் வெகுவாகக் குறைந்தன. கணவருக்கும் பெற்றோர் உரிமை கொடுத்திருப்பதால் என்னால் பார்க்க முடியாதபோது அவர் பதில் சொல்கிறார். மேற்பார்வையிலுள்ள கணக்கில் குரோமின் மறைநிலை உலாவல் இயங்காது. வேறு உலாவியை இறக்கவும் எங்கள் ஒப்புதல் வேண்டும் என்று அமைத்திருக்கிறோம்.

இந்த நிலையில் நாங்கள் தொடர்ந்து செய்ய வேண்டியது, வடிகட்டி விட்டுவிடும் தளங்களைக் கையால் தடுப்பதுதான், அதிலும் தமிழ்த் தளங்களுக்கே கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. 'பொங்கல் கட்டுரை' என்று தேடிய அவனை ஒரு தேடல் முடிவு சினிமாக் கிசுகிசுத் தளத்துக்குக் கொண்டுபோனது. கட்டுரை இரண்டு பத்திதான், அதைச் சுற்றி நடிகைகளின் படங்களும் 'இதைப் பார்த்தால் அதிர்ச்சி அடைவீர்கள்' வகைத் தலைப்புகளும். வடிகட்டியின் கணக்கில் அது ஆபாசம் ஆகாது, ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவனும் நானும் சேர்ந்து உட்கார்ந்து குரோமின் வரலாற்றை அவன் கைப்பேசியிலேயே பார்க்கிறோம், அப்போதுதான் இப்படிப்பட்ட தளங்களைத் தடைப்பட்டியலில் சேர்க்கிறேன். எதை ஏன் சேர்க்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிடுகிறேன். சில தளங்களுக்காக அவன் வாதாடுவான். ஒரு காற்பந்துச் செய்தித் தளத்தை அப்படித்தான் விட்டுவைத்தேன்.

ஐஃபோன் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு 2018 முதல் இருக்கும் ஸ்கிரீன் டைம் இயல்பான தேர்வு. அதில் வயதுவந்தோர் தளங்களைக் கட்டுப்படுத்தினால் சஃபாரியின் தனிப்பட்ட உலாவலும் வரலாற்றை அழிக்கும் வசதியும் நின்றுவிடுகின்றன. தங்கை வீட்டில் பார்த்த அளவுக்கே எனக்கு இதில் அனுபவம் உண்டு, நாள்பட்ட பராமரிப்பு எப்படி என்பதை அவள்தான் சொல்ல முடியும். ஆயினும் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பெற்றோரிடமும் ஆப்பிள் சாதனம் இருக்க வேண்டும் என்பதால் ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் எங்களுக்கு அது சரிப்படவில்லை. ஃபேமிலி லிங்கின் பெற்றோர் செயலியோ ஐஃபோனிலும் இயங்கும்.

ஃபேமிலி லிங்கின் இந்த வடிகட்டி உரையாடல் செயலிகளுக்குள் வருவதைத் தடுக்காது, யூடியூபுக்கும் தனி அமைப்பு வேண்டும். அடுத்த ஆண்டு அவன் உயர்நிலை ஒன்றுக்குப் போகிறான். 2026 ஜனவரி முதல் உயர்நிலை மாணவர்கள் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியைப் பயன்படுத்த முடியாது என்பதால் பகல் நேரக் கவலை குறையும். பள்ளியின் கற்றல் சாதனத்துக்கு, நீக்கப்பட்ட மொபைல் கார்டியன் அல்லாத, அமைச்சின் வேறொரு நிர்வாகச் செயலி தனியாக உண்டு, பள்ளி நேரத்துக்குப் பிந்தைய கட்டுப்பாட்டை இயல்புநிலையிலேயே விடலாம், பெற்றோரே மாற்றியமைக்கலாம், அல்லது நிறுத்திவிடலாம். நிறுத்திவிட்டால் இரவில் அச்சாதனத்துக்கு மிஞ்சுவது வைஃபை வடிகட்டி ஒன்றுதான். ஆகவே முதல் ஆண்டில் இயல்புநிலையையே வைத்துக்கொள்வதென்று நாங்கள் மூவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம்.