நாய்க்கும் பெர்மிட் எடுத்துத் தருவோம் என்றார்கள், 38,500 ரூபா போனது

கொஞ்சம் ஆறட்டும், பிறகு எழுதுங்கள் என்று மனைவி சொன்னாள். ஆறவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன். "மலைநாட்டில் குடும்பத்தோடு ஒருநாள் மலையேற்றம், உங்கள் செல்ல நாயையும் கூட்டி வரலாம்" என்று முகநூலில் விளம்பரம் போடுகிற ஒரு சுற்றுலாப் பக்கம் எங்களிடம் 38,500 ரூபா வாங்கிக்கொண்டு கையை விரித்துவிட்டது. பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் கடிதம் வரும் என்று மிரட்டியிருக்கிறார்கள். போட்டும் பெரிய பயனில்லை, இந்த மாதிரிப் பக்கங்கள் நாளைக்கே வேறு பெயரில் வந்து நிற்கும். நடந்ததைச் சொல்லிவிட்டு, நாயோடு மலைக்குப் போக நினைக்கிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் ஹட்டன். பள்ளிக்கூட லீவுக்கு வத்தளையிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. ஹோட்டன் சமவெளிக்குப் போய் உலக முடிவு என்கிற செங்குத்து மலைவிளிம்பைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் ஆசை. எங்கள் சின்னவள் ஜிம்மி இல்லாமல் வர மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். ஜிம்மி சாதாரண நாட்டு நாய்தான், ஆனால் வீட்டில் அவனுக்குப் பிறகுதான் மற்ற எல்லோரும்.

அந்தப் பக்கத்தில் புல்வெளியில் ஒரு நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிற படம் இருந்தது. பின்னால் மூடுபனி. கீழே நிறையப் பேர் இதயம் போட்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் எழுதினேன். உடனே குரல் பதிவு வந்தது, நல்ல தமிழ், மரியாதையான குரல். நான் முதலில் கேட்டதே அதுதான்: ஹோட்டன் சமவெளிக்குள் நாயை விடுவார்களா? "பிரச்சினையே இல்லை அண்ணா, சாதாரணமாக விட மாட்டார்கள், நாங்கள் போனால் விடுவார்கள், நாய்க்கென்று தனி பெர்மிட் இருக்கு, எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கு" என்றார். இதோடு நிறுத்தியிருந்தால் எனக்குச் சந்தேகம் தீர்ந்திருக்காது. அடுத்து அவர் கேட்டதைப் பாருங்கள். நாயின் பெயர் என்ன, வயது என்ன, விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா, ஊசி அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், பெர்மிட்டுக்கு அது இல்லாமல் முடியாது. கழுத்துப்பட்டியின் நிறத்தைக்கூடக் கேட்டார்.

ஒரு திருடன் நாயின் ஊசி அட்டையைக் கேட்பானா? மிருக வைத்தியர் கையெழுத்துத் தெளிவாக இல்லை, திரும்ப எடுத்து அனுப்புங்கள் என்று இரண்டாம் தரம் கேட்டபோது, இவர்கள் சட்டப்படி நடக்கிறவர்கள் என்று மனைவியும் சொல்லிவிட்டாள். இந்த வேலையை இவ்வளவு பொறுமையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

கணக்கு இப்படி வந்தது: வான் 18,000, வழிகாட்டி 6,000, சாப்பாடு 5,000, நுழைவுச் சீட்டும் "ஏற்பாட்டுச் செலவும்" 6,000, ஜிம்மிக்கு 3,500. மொத்தம் 38,500. பாதியை முன்பணமாகத் தருகிறேன் என்றேன். பெர்மிட்டுக்குப் பெயர் கொடுத்தாயிற்று, முழுக்காசும் கட்டினால்தான் உறுதியாகும், லீவு காலம், இடம் போய்விடும் என்றார். ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு 38,500 ரூபாவையும் போட்டு ஸ்லிப்பை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ரசீது வந்தது, முத்திரையோடு. ஜிம்மியின் 3,500 அதில் "விசேட சேவை" என்று இருந்தது. இந்த இரண்டு சொற்கள் பிற்பாடு என்ன பாடு படுத்தின என்பதைச் சொல்கிறேன்.

விடியப் போக வேண்டிய இடம் அது. காலை ஒன்பது, பத்துக்கெல்லாம் மூடுபனி ஏறி உலக முடிவை மூடிவிடும், பிறகு வெள்ளையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். அதனால் நடுச்சாமம் கடந்த கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைகளை எழுப்பி, தலவாக்கலை, நுவரெலியா, அம்பேவெல என்று குளிரில் நடுங்கிக்கொண்டு போனோம். பட்டிப்பொல நுழைவாயிலில் வழிகாட்டி நிற்பார் என்றார்கள். யாரும் இல்லை.

சீட்டுக் கொடுக்கிற இடத்தில் எங்கள் பெயரில் எதுவும் கட்டியிருக்கவில்லை. நாய் பெர்மிட் என்று நான் போனில் இருந்த ரசீதின் படத்தைக் காட்டியபோது அங்கே இருந்த உத்தியோகத்தர் சிரிக்கவில்லை, அதற்கு அவருக்கு நன்றி. அப்படி ஒரு பெர்மிட்டே கிடையாது என்று அமைதியாகச் சொன்னார். 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம் இது, வளர்ப்பு நாயை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே விடுவதில்லை. நாயிடமிருந்து காட்டு மிருகங்களுக்கு நோய் போகும், காட்டிலிருந்து நாய்க்கும் வரும். நாயின் வாடையும் குரைப்பும் போதும், மரை மான் கூட்டம் கலைந்து ஓடும். சிறுத்தைக்கோ நாய் என்றால் ஒரு வேளைச் சாப்பாடு. இத்தனையையும் அந்தக் குளிரில் நின்று சின்னவளுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கிற பொலித்தீன் லேபிளைக்கூடக் கிழித்து வாங்கிக்கொண்டு விடுகிற இடம் அது. அங்கே நாய்க்குத் தனி பெர்மிட் என்று சொல்லி ஒருவர் காசு வாங்கிக்கொண்டு ரசீது போட்டுக் கொடுக்கிறார்! உள்ளூர்க்காரர்களுக்கு அங்கே நுழைவுச் சீட்டு ஒரு பெரிய காசே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 6,000 ரூபா எதற்கு வாங்கினார்கள் என்று இன்றுவரை பதில் இல்லை.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. வான் சாரதி அடித்தார், அவருக்கு எடுத்தார்கள். பாவம், அந்த மனிதரும் நுவரெலியாவில் பிடித்த வாடகை ஆள்தான், டீசலுக்கு மட்டும் காசு போட்டுவிட்டு மிச்சத்தை "கஸ்டமர் தருவார்" என்று சொல்லியிருக்கிறார்கள். நான் போனை வாங்கிப் பேசினேன். "அண்ணா கோபப்படாதீங்க, இன்றைக்கு டியூட்டியில் வேறு ஆள் போல. நாயை வானில் கட்டிவிட்டு நீங்க போய்ட்டு வாங்க." உள்ளே சுற்றி நடக்க ஒன்பது கிலோமீட்டர், மூன்று நான்கு மணி நேரம். அதுவரைக்கும் ஒரு நாயைப் பூட்டிய வானுக்குள் கட்டிப்போடச் சொல்கிறார். முடியாது என்றதும் அடுத்த யோசனை வந்தது: கேட் இல்லாத ஒரு வழி இருக்கிறது, நானுஓயாப் பக்கம் ஒரு தோட்டத்துக்குள்ளால் ஏறிக் காட்டோரமாகப் போகலாம், அங்கேயும் அதே மாதிரிக் காட்சிதான், நாயைப் பற்றிக் கேட்க ஆளில்லை, தம்பி ஒருவர் காத்திருப்பார்.

பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் போனோம்.

அந்தத் தம்பிக்கு இருபது வயதுகூட இருக்காது. காலில் செருப்பு. அன்று காலையில்தான் போன் வந்ததாம், 1,500 தருகிறோம் என்றார்களாம். தேயிலை மலை முடிந்து யூக்கலிப்டஸ் தோப்பு தாண்டி மானாப்புல் தொடங்குகிற இடத்தில் அவருக்கே வழி மறந்துபோனது. முந்தின இரவு மழை, புல் முழுக்க அட்டை. பெரியவர்கள் காலில் சோப்புப் பூசிக்கொண்டோம், ஜிம்மிக்கு என்ன பூசுவது? மூக்கைப் புல்லுக்குள் விட்டு மோந்துகொண்டே போகிற பிறவி அது. மூடுபனி இறங்கியதும் முன்னால் போன மச்சானின் சிவப்புத் தொப்பிகூடத் தெரியவில்லை. ஓரிடத்தில் ஜிம்மி திடீரென்று நின்று உறுமினான், முதுகு மயிர் நட்டுக்கொண்டது. கயிறு என் கையில் இருந்ததால் தப்பியது.

அந்த நேரம் பார்த்து விறகுக் கட்டோடு ஒரு அம்மா கீழே இறங்கி வந்தார். எங்களைப் பார்த்ததும் கட்டை இறக்கி வைத்துவிட்டார். "ஏன் தம்பி, சின்னப் புள்ளைங்களையும் நாயையும் கூட்டிக்கிட்டு எங்க போறீங்க? லயத்து நாய் ரெண்டைப் புலி தூக்கிட்டுப் போயிருச்சு, நாங்களே விறகுக்குத் தனியா வர்றதில்ல." சிறுத்தையைத் தோட்டத்தில் புலி என்றுதான் சொல்வார்கள். மேலே பாறைப் பக்கம் குளவிக் கூடு வேறு இருக்கிறதாம், அதற்குப் பயந்து கொழுந்து எடுக்கிறவர்களையே அந்தப் பக்கம் விடுவதில்லையாம். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன தொழிலாளர்களின் செய்தியை மாதம் தவறாமல் படிக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். அங்கேயே திரும்பினோம். அந்தத் தம்பி எங்களுக்கு முன்னாலேயே இறங்கிவிட்டார். 5,000 ரூபா சாப்பாட்டை யாரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. டவுனில் ரொட்டியும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்து, சாரதிக்கும் என் கையால் காசு கொடுத்து, வீடு வந்து சேர்ந்தோம்.

அன்று இரவிலிருந்து ஜிம்மி விடாமல் தும்மினான். மூக்கில் இரத்தம். மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனால், மூக்குத் துவாரத்துக்குள் அட்டை. இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்தார். அந்தச் செலவு 38,500இல் சேராது.

இனி காசைக் கேட்ட கதை. முதலில் "கண்டிப்பா தருவோம் அண்ணா, உங்க காசு எங்களுக்கு வேண்டாம்" என்றார்கள். பிறகு கணக்குப் பார்க்கிற பிள்ளை லீவு. பிறகு போயா விடுமுறை, வங்கி பூட்டு. பிறகு முதலாளி கொழும்பு போயிருக்கிறார். பிறகு முதலாளி என்று இன்னொரு குரல் வந்தது, அது முன்னே பேசிய அதே குரல்தான், கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு பேசுகிறது. "பயணத்தைப் பாதியில் நிறுத்தியது நீங்கள், வான் வந்தது, வழிகாட்டி வந்தார், சேவை கொடுத்தாயிற்று." நாய் பெர்மிட் எங்கே என்றேன். "ரசீதைப் பாருங்கள், நாய் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? விசேட சேவை என்றுதான் இருக்கிறது." அப்போதுதான் அந்த இரண்டு சொல்லின் அருமை விளங்கியது. ஜிம்மியின் பெயர், வயது, பட்டியின் நிறம் எல்லாம் கேட்டு வாங்கியவர் இப்போது நாயா, எந்த நாய் என்கிறார்.

குரல் பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டலாம் என்று வாட்ஸ்அப்பைத் திறந்தால், கடைசி நாட்களில் வந்த செய்திகள் எல்லாம் "நீக்கப்பட்டது" என்று வரிசையாகக் கிடக்கின்றன. நல்ல வேளை, முதலில் வந்த பதிவை மச்சானுக்கு அனுப்பியிருந்தேன், அவர் போனில் அது இருக்கிறது. அதை அனுப்பியதும் குரல் மாறியது. அடுத்த பயணத்துக்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு தருகிறோம் என்றார்கள். 38,500 ரூபாவை விழுங்கிவிட்டு, இன்னொரு தரம் காசு கட்ட வா என்கிறார்கள். வேண்டாம், காசைத் தாருங்கள் என்றேன். வக்கீல் கடிதம் என்றார்கள். பக்கத்தில் எழுதிய கருத்தை அழித்தார்கள், பிறகு என்னைத் தடுத்துவிட்டார்கள். மனைவியின் கணக்கிலிருந்து போய்ப் பார்த்தோம், புதிய விளம்பரம் ஓடுகிறது, கீழே இதயங்கள்.

வங்கியில் கேட்டேன். நானே விரும்பி அனுப்பிய காசு என்பதால் தாங்களாகத் திருப்பி எடுக்க முடியாது, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு வந்தால் அந்தக் கணக்குள்ள கிளைக்கு எழுதுவதாகச் சொன்னார்கள். முறைப்பாடு போட்டாயிற்று. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் சொல்லியிருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று தொடங்கினேன், இதற்கே கை வலிக்கிறது. அவசரத்துக்கு இவ்வளவும்தான்: தேசிய பூங்காவுக்குள் நாயைக் கொண்டுபோகலாம் என்று யார் சொன்னாலும் பொய், வனஜீவராசிகள் திணைக்களத்திடமே கேளுங்கள். வழிகாட்டி என்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அடையாள அட்டை இருக்கும், காசு கட்ட முன் அதன் படத்தைக் கேளுங்கள். தனி ஆளின் கணக்குக்கு முழுக்காசு போடாதீர்கள். ரசீதில் நாய் என்ற சொல் எழுத்தில் இருக்க வேண்டும், விசேட சேவை என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். குரல் பதிவுகளை அன்றன்றைக்கே வேறு போனுக்கு அனுப்பி வையுங்கள். நாயோடு நடக்க ஆசையென்றால் தோட்டத்து வண்டிப்பாதையில் தோட்டத்தாரிடம் கேட்டுக்கொண்டு பகலில் நடங்கள், கயிற்றை விடாதீர்கள், காட்டோரம் வேண்டாம். மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்ததும் மூக்கையும் காதையும் விரல் இடுக்கையும் பாருங்கள்.

இதே மாதிரி நாய் பெர்மிட்டுக்கு என்று காசு கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால் ஸ்லிப்பைத் தொலைத்துவிடாமல் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். கணக்கு இலக்கத்தின் கடைசி நான்கு எண்கள் ஒத்துப்போனால் ஒன்றாகப் பொலிஸுக்குப் போகலாம்.